சிக்னலில் நின்றால் கேட்கும் ‘ஸ்ஸ்ஸ்’

புது வண்டி வந்து மூன்றாம் நாள். சிக்னலில் நின்றேன். பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் என்பதால் வண்டி நின்றதும் எஞ்சினும் தானாக அடங்கியது. அதுவரை ஸ்டீரியோ நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. எஞ்சின் அடங்கியதும் பாட்டுக்குப் பின்னாலிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் எழுந்து வந்தது. பக்கத்து அறையில் யாரோ குழாயைச் சரியாக மூடாமல் விட்டதுபோல. பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் டயர் சத்தத்தில் அது அமுங்கிப்போனது. அடுத்த சிக்னலில் மறுபடி அதே ‘ஸ்ஸ்ஸ்’.

பாட்டை பிளேயரிலிருந்து கார் ரேடியோவுக்கு அனுப்பும் இதே எஃப்எம் டிரான்ஸ்மிட்டரைத்தான் பழைய காரிலும் வைத்திருந்தேன். ஒரு நாளும் இந்தச் சத்தம் கேட்டதில்லை. அதாவது இரைச்சல் அங்கேயும் இருந்திருக்கிறது, எஞ்சின் உறுமல் அதை மூடி வைத்திருக்கிறது. மற்ற கார்களில் ‘போதும், பரவாயில்லை’ என்று விட்டுவிடக்கூடிய இணைப்பை ஹைபிரிட் விடாது. ஒட்டுவேலையில் எங்கே பிசிறு இருந்தாலும் இந்த வண்டியின் அமைதி அதைக் காட்டிக் கொடுத்துவிடும். அன்றைக்கு இது புரிந்திருந்தால் எனக்கு இரண்டு வார இறுதிகள் மிச்சமாகியிருக்கும்.

இது நடந்தது 2005-ல். வண்டியில் ரேடியோ, ஒரே ஒரு சிடி போடும் வாய், அவ்வளவுதான். வெளிக் கருவியின் ஒயரைச் செருகும் ஆக்ஸ் துளை கிடையாது, யூஎஸ்பி கிடையாது. என் கையிலோ ஆப்பிளின் பாட்டு பிளேயரான 40 ஜிபி ஐபாட். வீட்டிலிருந்த சிடி எல்லாவற்றையும் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஏற்றி வைத்திருந்தேன். அத்தனை பாட்டும் சட்டைப்பையில் இருக்க, காருக்குள் ஏறினால் மறுபடி சிடியைத் துடைத்துத் துடைத்துப் போட வேண்டியிருந்தது.

அதனால் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரைப் பழைய வண்டியிலிருந்து எடுத்து வந்து மாட்டினேன். பிளேயரின் பாட்டை அது 88-க்கும் 108-க்கும் நடுவில் ஏதாவது ஓர் அலைவரிசையில் ஒலிபரப்பும், கார் ரேடியோ அதைப் பிடித்துக்கொள்ளும். வேலை சுலபம், குணம் மட்டம். அக்கம்பக்கத்து ரேடியோக்களில் போய் விழக் கூடாது என்பதற்காக இதன் சக்தியைச் சட்டமே மிகக் குறைவாக வைத்திருக்கிறது. ஊருக்கு ஊர் நிலையங்கள் மாறும்போது, நேற்றுவரை காலியாக இருந்த அலைவரிசையில் இன்று யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருப்பார். இது போதாதென்று எஃப்எம் ஒலிபரப்பில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த வயதில் என் காது அதற்கு மேல் என்ன கேட்டுவிடப் போகிறது. ‘ஸ்ஸ்ஸ்’ஸைத்தான் பொறுக்க முடியவில்லை.

கேசட் ஓட்டும் காராக இருந்தால் கேசட் வடிவ அடாப்டர் ஒன்று இருந்தது. அது எஃப்எம்மை விட நன்றாகவே பாடும். என் வண்டியில் கேசட் இல்லை. ஆக, ஒயரைப் பிடித்து நேராக ஸ்டீரியோவுக்குள் நுழைவதுதான் ஒரே வழி.

ஸ்டீரியோவின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று விசாரித்ததில் ஒரு நல்ல சேதி கிடைத்தது. அந்தக் காலத்து ஸ்டீரியோ பலவற்றின் முதுகில் சிடி சேஞ்சர் மாட்டுவதற்கு ஒரு சாக்கெட் இருக்கும். ஆறு சிடி ஏற்றி டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ வைக்கும் பெட்டிக்கான இடம் அது. நாம் பெட்டி வாங்கவில்லை என்றால் அந்தச் சாக்கெட் காலியாகக் கிடக்கும். ஆனால் அதில் வெறுமனே இரண்டு ஒயரைச் செருகினால் பாட்டு வராது. ஸ்டீரியோ டேட்டா ஒயர் வழியாக “யாராவது இருக்கிறீர்களா?” என்று விசாரிக்கும். சரியான பதில் வந்தால்தான் கதவைத் திறக்கும். இதற்கென்றே ஒரு சின்ன அடாப்டர் கிடைத்தது. சிடி சேஞ்சர்போல வேஷம் கட்டிக்கொண்டு “இருக்கிறேன், ஒன்றாம் சிடி ஓடுகிறது” என்று பொய் சொல்வதுதான் அதன் வேலை. ஸ்டீரியோ நம்பிவிடும். நம்முடைய பாட்டு உள்ளே போகும்.

இதில் இரண்டு ரகம் இருந்தது. ஒன்று, ஸ்டீயரிங்கில் உள்ள பட்டனை அழுத்தினால் ஐபாடில் அடுத்த பாட்டுக்குத் தாவும் ரகம். பிளேலிஸ்டுகளை ‘சிடி 1’, ‘சிடி 2’ என்று காட்டும். இன்னொன்று, வெறும் 3.5 மில்லிமீட்டர் ஒலித் துளையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சாதாரண ரகம். கடையில் இருந்தவர் முதலாவதைத்தான் தலையில் கட்டப் பார்த்தார். நான் இரண்டாவதை எடுத்தேன். பெரிய தொலைநோக்கு எல்லாம் இல்லை. நூற்றுக்கணக்கான பாட்டுகளை ‘சிடி 3, டிராக் 47’ என்று நினைவு வைத்துக்கொள்ள எனக்கு மூளை போதாது, அவ்வளவே.

பின்னால் அது எவ்வளவு நல்ல முடிவு என்று தெரிந்தது. ஐபாடின் அடியில் 2003-ல் வந்த 30 பின் கனெக்டரில் ஃபயர்ஒயர் என்ற பழைய இணைப்பு வழியாக 12 வோல்ட், யூஎஸ்பி வழியாக 5 வோல்ட் என்று இரண்டு விதமாகவும் சார்ஜ் ஏறும். 2008 வாக்கில் வந்த புது மாடல்கள் ஃபயர்ஒயர் சார்ஜைக் கைவிட்டன. காருக்குள் பதித்திருந்த அந்த முதல் ரகக் கிட் பல, பாட்டைப் பாடிவிட்டுச் சார்ஜ் மட்டும் ஏற்றாமல் நின்றன. 2012-ல் கனெக்டரே மாறி லைட்னிங் வந்தது. 2022-ல் ஐபாட் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். கார் பதினைந்து வருடம் ஓடும், பிளேயர் மூன்று வருடத்தில் பழசாகும். ஆகவே டாஷ்போர்டுக்குள் புதைக்கும் பொருள் எந்தக் குறிப்பிட்ட பிளேயரையும் நம்பி இருக்கக் கூடாது.

சாமான் வந்தாயிற்று. பிரித்துப் பார்க்கத்தான் கை நடுங்கியது. ‘ஹைபிரிட்டில் கை வைக்காதே, ஷாக் அடித்தால் ஆளே காலி’ என்று ஆளாளுக்குப் பயமுறுத்தியிருந்தார்கள். கார் எலெக்ட்ரிகல் வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட நண்பர் ஒருவர் உண்டு, என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் கேட்டேன்.

“தம்பி, ஆரஞ்சு ஒயர், மஞ்சள் ஒயர். இது ரெண்டையும் தொடாத. மிச்சமெல்லாம் சாதாரண கார்தான்” என்றார்.

அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. ஹைபிரிட்டில் இரண்டு பேட்டரி. மோட்டாரை ஓட்டும் பெரியதில் வோல்ட்டேஜ் நூற்றுக்கணக்கில் இருக்கும், என் வண்டியில் இருநூறு சொச்சம். அதிலிருந்து போகும் கேபிள்களுக்கு ஆரஞ்சு உறை போட்டிருப்பார்கள், அது காரின் இரும்பு உடம்போடு எங்கும் சேராமல் தனியாக ஓடும். ஸ்டீரியோ, விளக்கு, ஜன்னல், கம்ப்யூட்டர் எல்லாம் எந்தக் காரிலும் இருப்பதுபோல 12 வோல்ட்தான். ஸ்டீரியோவின் பின்னால் ஆரஞ்சு கேபிளுக்கு வேலையே இல்லை. மஞ்சள் என்பது ஏர்பேக் ஒயர். உண்மையில் டாஷ்போர்டில் கை வைக்கிறவனுக்கு ஆரஞ்சை விட மஞ்சள்தான் பக்கத்தில் இருக்கும் ஆபத்து. அதனால்தான் முதலில் 12 வோல்ட் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றச் சொல்கிறார்கள். கழற்றியதும் கையை நீட்டிவிடக் கூடாது. ஏர்பேக் சர்க்யூட்டில் தங்கியிருக்கும் மின்சாரம் வடிய வேண்டும். குறைந்தது 90 விநாடி என்று பல சர்வீஸ் கையேடுகளில் இருக்கும். நான் ஐந்து நிமிடம் விட்டேன்.

இந்த ஐந்து நிமிடத்தில்தான் என் முட்டாள்தனம் அரங்கேறியது.

என் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி பானட்டுக்குள் இல்லை, பின்னால் டிக்கியின் ஓரத்தில் இருக்கிறது. முனையைக் கழற்றினேன், ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டேன், பழக்க தோஷத்தில் டிக்கிக் கதவை இழுத்துச் சாத்தினேன். ‘டப்’ என்று பூட்டிக்கொண்டது. வேலையெல்லாம் முடித்து மறுபடி பேட்டரியை மாட்டப் போனால் டிக்கி திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? அதன் பூட்டே மின்சாரத்தில் வேலை செய்வது. சாவித் துளைகூடக் கிடையாது. மின்சாரம் வர பேட்டரியை மாட்ட வேண்டும், பேட்டரியை மாட்ட டிக்கி திறக்க வேண்டும்.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“பேட்டரி எங்க இருக்கு?”

“டிக்கிக்குள்ளண்ணே.”

“டிக்கி?”

“சாத்திட்டேண்ணே.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு சிரிப்பு. “பின் சீட்டைச் சாய்ச்சுட்டு உள்ள தவழ்ந்து போ. கதவோட உள்பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும் பாரு.”

தவழ்ந்து போனேன். டிக்கிக் கதவின் உள் அட்டையில், கீழ் ஓரத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உள்ளே ஒரு சிறு நெம்புகோல். அதைப் பக்கவாட்டில் தள்ளியதும் கதவு விட்டுக்கொடுத்தது. தலையை இடித்துக்கொண்டு, தலைகீழாகப் படுத்த நிலையில், புது வண்டியின் உரிமையாளன் தன் டிக்கியிலிருந்து வெளியே வந்தான். உங்கள் வண்டியில் இது எங்கே இருக்கிறது என்று முனையைக் கழற்றுவதற்கு முன்பே கையேட்டில் பார்த்து வையுங்கள். பல ஹைபிரிட்களில் பானட்டுக்குள் ஃப்யூஸ் பெட்டியில் சிவப்பு மூடி போட்ட ஒரு முனையும் உண்டு, பேட்டரி செத்துப்போனால் வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுக்க. ரிமோட் சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியையும் ஒருமுறை வெளியே இழுத்துப் பாருங்கள். பேட்டரி இல்லாதபோது டிரைவர் கதவை அதுதான் திறக்கும்.

டாஷ்போர்டு பிரித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏசி காற்று வரும் சட்டம் முதலில், அதற்குக் கீழே உள்ள பானெல் அடுத்து. எல்லாம் கிளிப்பில்தான் நிற்கின்றன, ஸ்க்ரூ குறைவு. ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் பளபளப்பான ஓரம் கீறிவிடும். பிளாஸ்டிக் நெம்பி வாங்கிக்கொண்டேன், ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். குளிர்ந்த பிளாஸ்டிக் முறியும், கொஞ்சம் வெயிலில் நின்ற வண்டியில் அதே கிளிப் வளைந்து கொடுக்கும். உள்ளே ஸ்டீரியோவைப் பிடித்திருந்தவை நான்கு 10 மில்லிமீட்டர் போல்ட்கள். கழற்றிய வரிசையிலேயே ஓர் அட்டையில் டாஷ்போர்டை வரைந்து, அந்தந்த இடத்தில் போல்ட்டைக் குத்தி வைத்தேன். அடாப்டரைச் சாக்கெட்டில் செருகினேன். எந்த ஒயரையும் வெட்டவில்லை. வெட்டாமல் செருகியதை நாளைக்கு வாரண்டி என்று பேச்சு வந்தால் சுவடில்லாமல் கழற்றிவிடலாம்.

ஒயரை க்ளவ் பாக்ஸுக்குக் கொண்டு போய், பின்சுவரில் ஏற்கெனவே இருந்த ஓர் இடுக்கு வழியாக வெளியே எடுத்தேன். இங்கேயும் அந்த அமைதி விளையாடியது. அடாப்டர் பெட்டியை அப்படியே தொங்க விட்டிருந்தேன். வேகத்தடை ஏறும்போதெல்லாம் உள்ளே ‘டொக்’. மற்ற காரில் காதில் விழாது, இதில் கதவைத் தட்டுவதுபோலக் கேட்டது. மறுபடி பிரித்து, பெட்டிக்கும் ஒயருக்கும் பஞ்சுத்துணி டேப் சுற்றி, டை போட்டு இறுக்கினேன். முதலிலேயே செய்திருக்கலாம்.

அதன் பிறகு வந்ததுதான் நிஜமான தலைவலி. எல்லாம் மூடி, பிளேயரை மாட்டி, பாட்டைப் போட்டால் தெளிவு என்றால் அப்படியொரு தெளிவு. ‘ஸ்ஸ்ஸ்’ போயே போய்விட்டது. பிளேயரில் சார்ஜ் குறைந்திருந்ததால் லைட்டர் துளையில் சார்ஜரைச் செருகினேன். பின் சீட்டிலிருந்து மகள் கேட்டாள்:

“அப்பா, பாட்டுக்குள்ள ஏன் கொசு கத்துது?”

கத்தத்தான் செய்தது. ‘ஙீஈஈ’ என்று மெல்லிய கீச்சு. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சுருதி கொஞ்சம் மாறும். சார்ஜரைப் பிடுங்கினேன், கொசு செத்தது. செருகினேன், உயிர்த்தது. ஒலி ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சார்ஜரை மட்டும் விட்டாலும் கொசு இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் வருகிறது என்றால் அது கிரவுண்ட் லூப். பிளேயருக்கு எர்த் இரண்டு வழியாகக் கிடைக்கிறது: சார்ஜர் வழியாக ஒன்று, ஒலி ஒயர் வழியாக ஸ்டீரியோவுக்குப் போய் இன்னொன்று. இரண்டு எர்த்தும் மயிரிழை அளவு வோல்ட்டேஜ் வேறுபட்டாலும் அந்த வித்தியாசம் ஒலி ஒயரில் ஓடி ஸ்பீக்கரில் கேட்கும். சாதாரண காரில் இந்தக் கீச்சுக்குக் காரணம் ஆல்டர்னேட்டர். என் ஹைபிரிட்டில் ஆல்டர்னேட்டர் கிடையாது. பெரிய பேட்டரியின் இருநூறு வோல்ட்டை 14 வோல்ட் அளவுக்கு இறக்கித் தரும் கன்வர்ட்டர் ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. விநாடிக்குப் பல்லாயிரம் முறை அணைத்து அணைத்துப் போடும் ஸ்விட்ச் அது. மோட்டாருக்கான இன்வர்ட்டரும் அதே ஜாதிதான். மின் இரைச்சலுக்குக் குறைவே இல்லாத குடும்பம்.

தீர்வு ஒரு கட்டைவிரல் அளவுப் பொருள்: கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர்கள், இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. பாட்டு காந்தப்புலமாகத் தாண்டிவிடும், எர்த்துக்கு எர்த் நேரடித் தொடர்பு அறுந்துபோகும். ஒலி ஒயரின் நடுவில் செருகினால் போதும். முதலில் வாங்கிய மலிவான ஒன்று கொசுவையும் கொன்றது, பாட்டின் அடிக்குரலையும் கூடவே கொன்றது. சின்ன டிரான்ஸ்பார்மரால் ஆழமான ஒலியைத் தாங்க முடியாது, தவில் தகரம் தட்டுவதுபோல ஆகிவிடும். இரண்டாவதாகக் கொஞ்சம் கனமானதை வாங்கினேன், சரியாகிவிட்டது. இப்படிச் சின்னஞ்சிறு சாமான்களைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்கும் பழக்கம் எனக்கு அன்று வந்ததுதான்.

இதிலிருந்து பிறந்த ஒரு நடைமுறை: பானெலை மூடுவதற்கு முன்பே எல்லாச் சோதனையையும் முடித்துவிட வேண்டும். அதற்காக பேட்டரியை மறுபடி மாட்டும்போது, கழற்றி வைத்த மஞ்சள் கனெக்டர் ஏதாவது இருந்தால் முதலில் அதைச் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஏர்பேக் விளக்கு எரிந்து நிற்கும். பிறகு வண்டியை ஓடத் தயாரான ‘ரெடி’ நிலைக்குக் கொண்டு வந்து, சார்ஜரோடும் சார்ஜர் இல்லாமலும், எஞ்சின் ஓடும்போதும் நிற்கும்போதும் கேட்டுப் பார்க்க வேண்டும். பாட்டு ஓடாமல் பிளேயரை நிறுத்தி வைத்துவிட்டு ஸ்டீரியோ சத்தத்தை மட்டும் ஏற்றினால் எந்தக் குறையும் தப்பாது.

சத்தத்தின் அளவும் ஒரு விஷயம். பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து எடுத்தால் பிளேயரின் சத்தத்தை முக்கால் பாகத்துக்கு மேல் வைத்துவிட்டு மிச்சத்தை ஸ்டீரியோவில் கூட்டுங்கள். பிளேயரில் குறைத்து ஸ்டீரியோவில் ஏற்றினால் பாட்டோடு இரைச்சலும் பெரிதாகும். முழுதாக ஏற்றினால் சில பிளேயர்களில் உச்சம் கிழியும். பழைய 30 பின் ஐபாடில் அடிப்பக்கத்துக் கனெக்டர் வழியாக ‘லைன் அவுட்’ எடுக்கும் ஒயர் இருந்தால் இந்தக் கவலையே இல்லை. அதில் அளவு நிலையானது, பிளேயரின் வால்யூமுக்குக் கட்டுப்படாது, சுத்தமும் கூடுதல். ஈக்வலைசரைப் பிளேயர், ஸ்டீரியோ இரண்டில் ஓரிடத்தில் மட்டும் வையுங்கள்.

இன்னொரு விஷயம் பாட்டைப் பற்றியதே அல்ல, ஆனால் பாட்டுப் பைத்தியங்களைத்தான் பிடிக்கும். ஹைபிரிட்டின் 12 வோல்ட் பேட்டரி சிறியது. எஞ்சினை உதைத்துக் கிளப்பும் வேலை அதற்கு இல்லை, கம்ப்யூட்டர்களை எழுப்பிப் பெரிய பேட்டரியின் ரிலேவை மூடினால் போதும் என்பதால் அளவாகத்தான் வைத்திருப்பார்கள். வண்டியை ‘ரெடி’க்குக் கொண்டு வராமல், வெறும் ஆக்ஸசரி நிலையில் உட்கார்ந்து ஒரு மணி, இரண்டு மணி பாட்டுக் கேட்டால் அது காலியாகும். காலியானால், பெரிய பேட்டரி நிறைய மின்சாரம் இருந்தும் வண்டி எழுந்திருக்காது. ‘ரெடி’யில் வைத்துக் கேட்டால் பெரிய பேட்டரி சின்னதற்குப் பால் கொடுத்துக்கொண்டே இருக்கும். கியர் ‘பார்க்’கில் இருக்கட்டும். பல ஹைபிரிட்களில் ‘நியூட்ரல்’ நிலையில் பெரிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. ஆனால் மூடிய கராஜுக்குள் இதைச் செய்யவே கூடாது. பெரிய பேட்டரி இறங்கியதும் எஞ்சின் தானாகக் கிளம்பும், அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நாம் பாட்டில் கண்மூடிக் கிடப்போம், வண்டி ‘அணைந்துதான் இருக்கிறது’ என்ற நினைப்பில்.

இன்றைய ஹைபிரிட் வாங்குகிறவர்களுக்கு இந்தப் பிரித்தல் வேலை எதுவும் வேண்டாம். ப்ளூடூத்தும் யூஎஸ்பியும் கூடவே வருகின்றன. சிக்கல் தலைகீழாகியிருக்கிறது: வண்டி புதிது, பிளேயர் பழையது, பல வண்டிகளில் 3.5 துளையை எடுத்துவிட்டார்கள். பழைய பிளேயரின் காதுத் துளையில் செருகும் ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் கிடைக்கிறது, ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் கார் ஃபோனை மட்டும்தான் சேர்த்துக்கொள்ளுமா என்று பார்த்துவிடுங்கள். சில கார்கள் திரையில் ஒரு எண்ணைக் காட்டி ‘இதை அழுத்து’ என்று கேட்கும், அழுத்துவதற்கு அந்த டிரான்ஸ்மிட்டரில் பட்டனே இருக்காது. பாட்டுகளைக் கணினி வழியாக ஒரு பென் டிரைவுக்கு மாற்றிக்கொள்வது இன்னும் உறுதியான வழி. டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்தால் அநேகமாக எல்லாக் காரும் படிக்கும்.

என் 40 ஜிபியின் ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் ‘க்ளிக், க்ளிக்’ என்றுவிட்டு நின்றது. அதன் இடத்தில் வேறொரு பிளேயர் வந்தது, பிறகு ஃபோன் வந்தது, அப்புறம் ஃபோன்களிலேயே காதுத் துளை காணாமல் போக, ஒயரின் நுனியில் இப்போது விரல் நீள அடாப்டர் ஒன்று தொங்குகிறது. டாஷ்போர்டின் அந்த நான்கு போல்ட்டையும் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கழற்றவில்லை.